முழுமை மருத்துவமும் முறிந்த முதுகும்

குருவிட்டவுக்கு அண்மையில், சிவனொளிபாத மலைத்தொடரின் அடிவாரத்திலே, பட்டதொம்பலென என்னும் கற்குகை ஒன்று உண்டு. 1940ஆம் ஆண்டை அண்டிப் பி. ஈ. பி. தெரணியகலவும், அதற்கு நாற்பதாண்டுகள் கழித்து அவர்தம் மைந்தர் சிரான் தெரணியகலவும் அக்குகையில் அகழ்வு நடத்தினர். ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்கு முற்பட்டன எனக் கணிக்கப்பட்ட மனித எலும்புகள் அங்குக் கிடைத்தன. அவ்வெலும்புகள் அளக்கப்பட்டன, இலக்கமிடப்பட்டன, அவற்றுக்குரியோர் யாது உண்டனர், எக்கருவி கொண்டு வேட்டையாடினர் என்றெல்லாம் அறிஞர் ஆராய்ந்து எழுதினர். வேண்டப்படும் பணியே அது. ஆயின், அதே குருவிட்டவின் தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் இன்று உயிரோடு நடமாடும் மனிதரின் முள்ளந்தண்டு எத்தனை கிலோச் சுமையை எத்தனை ஆண்டு தாங்கிற்று என எழுதி வைக்கும் ஏடு எந்தத் தோட்டக் கந்தோரில் உண்டு? செக்ரோலில் கொழுந்தின் நிறை உண்டு. அதைச் சுமந்த முதுகின் கணக்கு அங்கில்லை.

இக்குறையை மனத்திற் கொண்டே அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படும் 'முழுமை மருத்துவம்' என்னும் கோட்பாட்டை மதிப்பிடுதல் வேண்டும். உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பாராது ஒன்றாகப் பார்த்தல், எலும்பையும் தசையையும் கையாலே நெறிப்படுத்தும் ஒஸ்தியோபதியோடு ஆயுள்வேத எண்ணெய், சித்தர் வர்மம், சீனத்து ஊசி, யோகாசனம், ஹோமியோபதிக் குளிகை என்பவற்றை இணைத்தல், இவ்வாறு இணைப்பதால் மருந்துக்கு அடங்காத நோயும் அடங்கும் என உறுதி கூறுதல் என அக்கோட்பாடு விரிகின்றது. பெந்தோட்டை, பேருவளைக் கடற்கரை விடுதிகளில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு இக்கலவை பொதி பொதியாக விற்கப்படுகின்றது. நம்மவர் சிலரும் இதனைக் கீழைத்தேயத்தின் வெற்றி எனக் கொண்டு மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சிக்கு ஆதாரம் போதாது என்பதும், 'முழுமை' என்ற சொல் அதற்கு மிக அதிக உரிமையுடைய மனிதரிடமிருந்து பறிக்கப்பட்டுள்ளது என்பதும் ஈண்டு வற்புறுத்தப்படும்.

ஒஸ்தியோபதியின் வரலாற்றை முதலில் நோக்கலாம். அண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார் 1828இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிற் பிறந்தவர். எல்லைப்புறக் குடியேற்றங்களில் மருத்துவம் செய்தவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைப் பலிகொண்டது. அக்காலத்து மருத்துவரிடம் இருந்தவை பாதரசக் கலவைகளும், பேதி மருந்துகளும், அபினும், சாராயமும். அவற்றாற் பிள்ளைகளைக் காக்க இயலாமை கண்ட தந்தையின் சீற்றமே ஒஸ்தியோபதியாயிற்று எனலாம். எலும்பும் மூட்டும் தம் நிலையிற் பிறழ்வதால் குருதியோட்டம் தடைப்படுகிறது; அத்தடையே நோய்; பிறழ்வைக் கையாலே திருத்தின் உடல் தன்னைத்தானே குணமாக்கிக் கொள்ளும் என அவர் 1874இல் அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரில் கல்லூரி ஒன்றை நிறுவினார். கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்துப் பெயர் சூட்டினாரேனும், அவர் தம்மை 'மின்னல் வேக எலும்பு வைத்தியர்' என விளம்பரப்படுத்திய காலமும் உண்டு. அதாவது, புதிய விஞ்ஞானமாகப் பறைசாற்றப்பட்டதன் வேர் நாட்டுப்புற எலும்பு வைத்தியனின் கைகளிலேதான் இருந்தது.

இதில் வெட்கப்படுதற்கு ஏதுமில்லை. இங்கிலாந்தில் 1867ஆம் ஆண்டு, அந்நாட்டின் தலைசிறந்த அறுவை மருத்துவருள் ஒருவரான ஜேம்ஸ் பஜெற், எலும்பு வைத்தியர் குணமாக்கும் நோயாளரைப் பற்றித் தம் மாணவருக்கு ஒரு விரிவுரை நிகழ்த்தினார். அவர்களை எள்ளி நகையாடுவதோடு அவர் நிற்கவில்லை. நீங்கள் கைவிட்ட நோயாளர் சிலர் அவர்களிடம் குணம் பெறுகின்றனர், ஏனென்று கண்டறியுங்கள், நல்லதைக் கற்றுத் தீயதைத் தவிருங்கள் என்பதே அவ்விரிவுரையின் சாரம். வார்ட்டன் ஹூட் என்ற மருத்துவர் இலண்டன் எலும்பு வைத்தியர் ஒருவரிடமே தொழிலைக் கண்டறிந்து 1871இல் நூலாக்கினார். வேல்ஸ் நாட்டு எலும்பு வைத்தியப் பரம்பரையில் வந்து முறையாக மருத்துவம் பயின்ற ஹியூ ஓவன் தோமஸ், முறிந்த காலை அசையாது நிறுத்தும் இரும்புச் சட்டம் ஒன்றை ஆக்கினார். அவர் மறைந்த பின், 1914 - 18 உலகப் போரில், அவர் மருகர் ரொபர்ட் ஜோன்ஸ் அச்சட்டத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றார். தொடையெலும்பு முறிந்த போர்வீரர் பெரும்பாலோர் மாண்ட நிலை மாறிப் பெரும்பாலோர் பிழைத்தனர். நாட்டு வைத்தியமும் நவீன வைத்தியமும் இணைந்தமைக்கு இதனிலும் சிறந்த சான்று தேடுதல் அரிது. இங்கே இணைந்தது யாது? ஒரு கைத்திறன் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன் பயன் எண்ணிப் பார்க்கப்பட்டது. பயன் தராத பகுதி கழிக்கப்பட்டது. பத்துத் திறன்களை ஒரே கூடையில் அள்ளிப் போட்டு அதற்கொரு புதுப்பெயர் இடும் வேலை அங்கு நடைபெறவில்லை.

ஸ்டில் கூறியவற்றுள் எஞ்சியவை எவை என்பதும் இன்று மறைபொருளன்று. அமெரிக்காவில் அவர் வழிவந்தோர் காலப்போக்கில் மருந்தையும் அறுவையையும் ஏற்று, ஏனைய மருத்துவரோடு சம உரிமை பெற்ற முழு மருத்துவராயினர். கையாற் செய்யும் சிகிச்சை அவர்தம் தொழிலின் ஒரு சிறு கூறாய்ச் சுருங்கிற்று. பிரித்தானியாவில் 1993இல் ஒஸ்தியோபதியர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டுப் பதிவு கட்டாயமாயிற்று. அந்நாட்டிலேயே, நாரிநோவுடைய 1,334 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2004இல் வெளியாயின. முள்ளந்தண்டைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையினால் சிறிது முதல் நடுத்தரம் வரையான நன்மை உண்டு என்பதே அதன் தீர்ப்பு. 2016இல் அந்நாட்டுச் சுகாதார வழிகாட்டி, கைச் சிகிச்சையைத் தனித்து அளிக்க வேண்டாம், உடற்பயிற்சியோடு சேர்த்தே அளிக்கலாம் என்றது. ஊசிச் சிகிச்சையை நாரிநோவுக்கு அது விதந்துரைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாட்பட்ட நாரிநோவுக்கு வெளியிட்ட வழிகாட்டி சற்றுத் தாராளமானது: பயிற்சி, அறிவூட்டல் என்பவற்றோடு கைச் சிகிச்சை, உருவுதல், ஊசி என்பனவும் நிபந்தனையோடு அதில் இடம்பெறுகின்றன. மறுபுறம், மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணசைவை விரலால் உணர்ந்து நோய் தீர்த்தல், குடலையும் ஈரலையும் தடவி நெறிப்படுத்தல் எனப் பின்வந்தோர் சேர்த்துக்கொண்ட கிளைகளுக்கு நம்பத்தகுந்த சான்று கிடைத்திலது. ஆக, ஒஸ்தியோபதியில் மெய்யானது உண்டு, அது அளவானது, நாரி, கழுத்து, மூட்டு என்ற எல்லைக்குள் அடங்குவது. அந்த எல்லையைத் தாண்டி அதனைச் சர்வரோக நிவாரணியாக்குவதற்கே ஏனைய முறைகளோடு கலத்தல் என்னும் உபாயம் பயன்படுகின்றது.

கலவையின் தருக்கத்தை உற்று நோக்கின் இது விளங்கும். எண்ணெயும் ஊசியும் ஆசனமும் குளிகையும் ஒருங்கே பெற்ற நோயாளி எழுந்து நடந்தால் நான்கும் வென்றன. எழாவிடின் அவர் பத்தியம் முறித்தார், மனத்தில் நம்பிக்கை குன்றினார். எந்த முறையும் தோற்றதாகக் கணக்கில் வராது. 1970களில் கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அக்குபங்சரைப் பிரபலப்படுத்திய அன்ரன் ஜயசூரிய, பின்னர் ஊசியையும் ஹோமியோபதி மருந்தையும் ஒன்றாக்கிப் புதியதொரு முறைக்குப் பெயர் சூட்டினார். பல நாட்டவர் அவரிடம் பயில வந்தனர். வறிய நோயாளரை மலிவான சிகிச்சை தேடிவர வைத்த அவருடைய ஊக்கம் குறைத்து மதிப்பிடற்பாலதன்று. எனினும், தனித்தனியே நிறுவப்படாத இரண்டைச் சேர்த்தால் நிறுவப்பட்ட ஒன்று பிறக்கும் என எந்தத் தருக்க நூலும் கூறவில்லை.

'நோயாளிக்குச் சுகம் கிடைத்தால் போதாதா, சான்று எதற்கு?' என்று கேட்போர் உளர். கேட்பவர் மாதச் சம்பளக்காரராயின் அக்கேள்வி பொருந்தலாம். நாட்கூலி பெறுவோர் வாயில் அக்கேள்வி எழாது. பயனற்ற சிகிச்சைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு 'பேர்' இழப்பு.

இனிக் குருவிட்டவுக்கு மீளலாம். கொழும்பிலிருந்து அவிசாவளை, எகலியகொடை வழியாக இரத்தினபுரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் அது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளைப் போல மலை முழுதும் தோட்டமாய், தோட்டம் முழுதும் தமிழராய் அமைந்த நிலப்பரப்பு அன்று. சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் இடையே தீவு தீவாகச் சிதறிக் கிடப்பவை சப்ரகமுவத் தோட்டங்கள். எண்ணிக்கையிற் சிறுத்துச் சிதறி வாழும் இம்மக்களின் குரல் தொழிற்சங்கத் தலைமையகங்களை எட்டுவதும் அரிது. மலையகம் என்றால் மத்திய மலைநாடு மட்டுமே என எழுதும் நம் எழுத்தாளரும் இதற்கு விலக்கல்லர்.

இங்கு வேலையின் இயல்பைச் சற்று விரித்துரைத்தல் தகும். கொழுந்தெடுக்கும் பெண், கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகிலே தொங்கவிட்டு, சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி நிற்கிறாள். சுமையின் இழுவை தலையிலிருந்து கழுத்தெலும்பு வழியாக இறங்குகிறது. அதைச் சமன் செய்ய இடுப்பு முன்வளைகிறது. இரு கைகளும் இடைவிடாது இயங்குகின்றன. மழைநாளில் நனைந்த கொழுந்தும் நனைந்த படங்கும் சுமையைப் பெருக்கும். ஆனால் மடுவத்துத் தராசில் ஈரத்துக்கென நிறை கழிக்கப்படும். தராசு கழித்த ஈரத்தை முதுகு கழிப்பதில்லை. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் அளவை எட்டாதவருக்கு அரைப்பேர். இறப்பர்த் தோட்டத்திலோ விடியுமுன் பால்வெட்டு ஆரம்பமாகும். பட்டையில் வெட்டு கீழிறங்க இறங்க, வெட்டுபவர் கழுத்தும் இடுப்பும் அதற்கேற்பக் குனிய வேண்டும். பின்பு சிரட்டை சிரட்டையாகச் சேர்த்த பாலை வாளியில் நிரப்பி, வழுக்கும் சரிவில் ஒரு கையால் தூக்கி வருதல். முள்ளந்தண்டு ஒருபக்கம் சாய்ந்தே பழகிவிடும். கவ்வாத்து வெட்டும் ஆண்களின் தோள்மூட்டும் மணிக்கட்டும் வேறொரு கதை.

இவ்வுடல் நோவெடுத்தால் எங்கே செல்வது? முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. அச்சட்டங்களின் நோக்கம் கூலிகள் தொற்றுநோயால் மடிந்து தொழிலாளர் வரவு குன்றாமல் இருத்தல். வாந்திபேதி, வயிற்றோட்டம், கொக்கிப்புழு ஆகியனவே துரைமாரை அச்சுறுத்தின. தேயும் முதுகு அவர்களை அச்சுறுத்தவில்லை, ஏனெனில் தேய்ந்த முதுகுக்குப் பதிலாக வேறொரு முதுகு கிடைத்தது. 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கச் சுகாதார சேவையோடு சேர்க்கப்பட்டன. தாய் சேய் நலத்தில் முன்னேற்றம் உண்டு. அதை மறுத்தல் நேர்மையன்று. நாரிநோவுக்கு மட்டும் அன்றுமின்றும் ஒரே விடை: இரண்டு பனடோல், ஒரு களிம்பு. மேற்குறித்த 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, நாரிநோவுக்குப் பரசிற்றமோலை மட்டும் கொடுக்க வேண்டாம் எனத் தெளிவாகவே கூறியுள்ளது.

டிஸ்பென்சரியில் ஆறுதல் காணாதவர் கிராமத்து வெதமாத்தயாவிடம் போகிறார். சிங்களத்தில் 'கெடும் பிந்தும்' எனவும் தமிழில் 'முறிவு தறிவு' எனவும் வழங்கும் வைத்தியம் இலங்கையின் மிகப் பழைய கைத்தொழில்களுள் ஒன்று. தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு வரும் அறிவு. விரலால் தடவி முறிவின் திசையை அறிதல், இழுத்துப் பொருத்தல், மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுதல், இலைச் சாறும் எண்ணெயும் பற்றும் இடுதல், குறித்த நாளில் அவிழ்த்துப் பார்த்தல் என ஒழுங்கான முறை உண்டு. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டைத் தேடித் தமிழ்நாட்டார் போவது போல, முறிவென்றால் வைத்தியசாலையைக் கடந்து இவர்களிடம் வருவோர் நாடெங்கும் உளர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களையும் தீண்டின. அதன் பின்னரும் தமிழ்த் தொழிலாளி அதே வெதமாத்தயாவின் திண்ணையில் போய் அமர்ந்தான். அவரும் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். அரசியல்வாதிகள் கண்ணிற் படாத இவ்வுறவைப் பற்றி எவரேனும் விரிவாக எழுதுதல் வேண்டும்.

உறவு நல்லது என்பதற்காக முறையின் குறைகளை மூடி மறைத்தல் ஆகாது. கட்டு இறுகிவிடின் குருதியோட்டம் தடைப்படும், விரல்கள் நீலித்து மரக்கும், தசை இறக்கும், ஈற்றில் கையையோ காலையோ துணிக்க நேரிடும். எலும்பு வைத்தியரின் கட்டினால் உறுப்பழுகல் ஏற்பட்ட செய்திகள் ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மருத்துவ ஏடுகளிற் பலமுறை வெளிவந்துள்ளன. முதுகு நோவு எல்லாம் தேய்வுமன்று. முள்ளந்தண்டைத் தாக்கும் காசநோயும் நோவாகவே தோன்றும். புற்றுநோய் எலும்புக்குப் பரவினும் நோவே. முதிய பெண்ணின் எலும்பு மெலிந்து முறியினும் நோவே. இவற்றை அறியாமல் உருவுவதும் நெரிப்பதும், ஒஸ்தியோபதியர் செய்யினும் வர்ம ஆசான் செய்யினும் வெதமாத்தயா செய்யினும், ஆபத்தே. கால்கள் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடிழந்து போனால், மணிக்கணக்கைப் பாராது பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்ற ஒரு செய்தியாவது ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இவ்விடத்துத் தமிழ்ப் பற்றாளர் எழுந்து, நம் சித்தரிடம் இல்லாததா, வர்மத்தில் அடங்காததா என வினவுவர். 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் தேசிய சிகிச்சையையும் தன்னுள் அடக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பித்து வருகின்றது. திருகோணமலை வளாகத்திலும் பின்னர் அக்கல்வி தொடங்கிற்று. பெருமைக்குரியனவே. ஆயின் அங்குப் பயின்று வெளியேறும் மருத்துவருள் எத்தனை பேர் குருவிட்டத் தோட்டமொன்றின் லயத்துக்கு வந்திருப்பர்? மலையகத் தமிழன் முதுகுக்குச் சித்தம் எட்டாத தூரத்தில் இருக்கையில், சித்தத்தின் பழம்பெருமையை ஆண்டு மலர்களில் எழுதிக் குவித்தல் யாருக்குப் பயன்? திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைச் சுட்டாமல் இத்துறையில் ஒரு மேடைப்பேச்சும் முடிவதில்லை. அவ்வதிகாரம் நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொல்கிறது என்பதை மட்டும் மேடையினர் மறந்துவிடுகின்றனர். தோட்டத்து நாரிநோவின் முதற்காரணம் வாதமும் அன்று, பித்தமும் அன்று. தலையில் மாட்டிய கயிறும், எட்ட வேண்டிய கிலோவும், அரைப்பேரும் ஆகும்.

ஸ்டில் தம் நாளில் வற்புறுத்தியதும் இதனோடு முரண்படவில்லை. உடல் ஓர் அலகு. அமைப்பும் தொழிற்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை. தடையை நீக்கு, உடல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்றார். அக்கொள்கையை அவருடைய வழித்தோன்றல்கள் சிகிச்சை மேசைக்குள் அடக்கிவிட்டனர். மேசையிற் படுத்திருக்கும் அரைமணி நேரம் உடலின் அமைப்பாகுமெனின், அதற்கு முன்னும் பின்னும் கூடை சுமக்கும் எட்டு மணி நேரம் அமைப்பில் அடங்காதா? காலையில் நெறிப்படுத்திய முள்ளந்தண்டை மாலைக்குள் கூடை மீண்டும் வளைத்துவிடும். அதற்கு மேல் எண்ணெயும் ஊசியும் எத்தனை சேர்த்தாலும், சேர்த்தவர் வருமானம் கூடுமேயன்றி வேறு யாது கூடும்?

'கூலியும் சுமையும் தொழிற்சங்கத்தார் வேலை. மருத்துவர் நோயைப் பார்க்கட்டும்' என்பது அடுத்த தடை. தொழிற்சங்கத்தார் வேலையைச் செய்தார்களா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் கிலோவின் அளவும் உடன் உயர்த்தப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் முள்ளந்தண்டு ஒருபொழுதும் ஒரு விடயமாக வைக்கப்பட்டதில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டுக்குரியது. விபத்தினால் நேரும் காயத்தையே அது முதன்மையாகக் கருத்திற் கொண்டது. சறுக்கி விழுந்து கால் முறிந்தவருக்கு வழி உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாக நாளுக்கொரு துளியாய்த் தேய்ந்த முதுகு எந்த நாளில் விபத்துக்குள்ளாயிற்று என அவள் சொல்ல முடியும்?

மருத்துவரின் மேட்டிமையும் இதற்குத் துணை போகின்றது. வெதமாத்தயாவின் கட்டோடு வரும் நோயாளியை ஏசி, கட்டை அறுத்தெறிந்து, 'இதற்குத்தானா போனாய்' எனக் கேட்கும் வழக்கம் நம் வைத்தியசாலைகளில் அரிதன்று. ஏச்சைக் கேட்டவர் அடுத்த முறை கட்டு இறுகி விரல் நீலித்தாலும் வருவதற்கு அஞ்சுவார். பஜெற் 1867இற் காட்டிய பணிவு 150 ஆண்டுகள் கடந்தும் இங்கு வந்து சேரவில்லை. 1978இன் அல்மா அட்டா பிரகடனம், தேவைக்கேற்பப் பாரம்பரிய வைத்தியரையும் அடிப்படைச் சுகாதாரக் குழுவில் சேர்க்கலாம் என்றது. இலங்கையும் அதை ஏற்ற நாடே.

ஆகவே, இணைப்பு வேண்டாம் என்பதல்ல வாதம். தோட்டத்துப் பெண் ஏற்கெனவே எல்லாவற்றையும் இணைத்தே வாழ்கிறாள். காலையில் பனடோல், மாலையில் வெதமாத்தயாவின் எண்ணெய், வெள்ளிக்கிழமை கோயில் நூல், நோவு தாங்கமுடியாத இரவில் புருசன் மிச்சம் வைத்த சாராயத்தை நாரியில் தேய்த்தல். விடுதியிலே டொலருக்கு விற்கும் கலவையை அவள் கடனுக்கு வாங்கிக் கலக்கிறாள். அவளுடைய கலவையை ஒழுங்கு செய்வார் இல்லை என்பதே குறை. அவளை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காசமோ முறிவோ இல்லை எனத் துணிந்து, கையால் நெறிப்படுத்தத் தெரிந்தவரிடம் அனுப்பி, செய்ய வேண்டிய பயிற்சியை அவள் மொழியிற் சொல்லிக் கொடுத்து, நோவு தணியும் வரை முழுப்பேரோடு இலகு வேலை தரும்படி துரைக்கு ஒரு துண்டு எழுதுதல்: ஒஸ்தியோபதியும் முறிவு தறிவும் நவீன மருத்துவமும் இந்த வரிசையிற் சேரலாம். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. இரத்தினபுரியில் போதனா வைத்தியசாலை உண்டு. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் அங்கேயே உண்டு. பேராதனையில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. முறிவு தறிவு வைத்தியர் ஆயுள்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறக்கூடியவர். இவர்கள் அனைவரும் குருவிட்டவிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்திலோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கின்றனர். துரை அந்தத் துண்டை மதிப்பாரா என்பதே கேள்வி. அவரை மதிக்க வைப்பது கூட்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் ஒரு வரி.

தோட்டம் செய்யக்கூடியவையும் உண்டு. கொழுந்தை நாளுக்கு இருமுறை நிறுப்பதை மூன்றாகவோ நான்காகவோ ஆக்கினால் ஒரு பொழுதில் முதுகேறும் சுமை குறையும். மடுவத்துக்கு நடக்கும் தூரத்தைச் சுருக்கலாம். தலைக் கயிற்றுக்குப் பதிலாக இரு தோளிலும் இடுப்பிலும் சுமை பகிரும் பட்டி வைத்த பையைச் சோதித்துப் பார்க்கலாம். சோதிக்கையில் அதைச் சுமப்பவளிடமே கேட்க வேண்டும், கந்தோரிலிருந்து வடிவமைத்து அனுப்பினால் அது லயத்தின் கூரையில் தொங்கும். பால்வெட்டில் தாழ்ந்த வெட்டுள்ள மரங்களை ஒரே ஆளிடம் மாதக்கணக்கில் விடாது மாற்றிக் கொடுக்கலாம். இவற்றுள் ஒன்றேனும் எந்த முழுமை மருத்துவ விளம்பரத்திலும் இடம்பெற்றதில்லை. காரணம் எளிது: இவற்றை விற்க முடியாது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, நாடகம் போடுகின்றன, மலர் வெளியிடுகின்றன. மருத்துவ பீடத்திலும் சித்த மருத்துவத்திலும் இயன்மருத்துவத்திலும் பயிலும் தமிழ் மாணவர் அச்சங்கங்களில் உளர். ஒரு விடுமுறையில் அவர்கள் குருவிட்டவிலே ஒரு தோட்டத்தில், தோட்டத் தலைவர்களின் இசைவோடு, இருபது நாள் தங்கலாம். மடுவத்துத் தராசுக்கு அருகில் நின்று, கூடையின் நிறை, நடந்த தூரம், நிறுத்த தடவை, வேலை செய்த ஆண்டு, நோவுள்ள இடம், சென்ற வைத்தியர், கொடுத்த காசு, இழந்த பேர் ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் எழுதி எடுக்கலாம். பட்டதொம்பலெனவில் எலும்புகளை எழுதி வைத்த அதே கவனத்தோடு அப்பணி நடைபெறுதல் வேண்டும். எழுதியதன் ஒரு படி தொழிற்சங்கத்துக்கும், ஒரு படி இரத்தினபுரி வைத்தியசாலைக்கும், சிங்களத்தில் ஒரு படி வெதமாத்தயாவுக்கும் போகட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவ்வட்டவணை அச்சாகுமாயின், முழுமை மருத்துவம் பற்றிய விவாதத்தை அதிலிருந்து தொடங்கலாம்.